ரோதமுனி வழக்கில் நான் நடுவராக இருந்தது

என் முன்பல் இரண்டு இப்போது என்னிடம் இல்லை. எப்படிப் போச்சு என்று யாராவது கேட்டால், "பழங்கால நூல்களை ஆராயப் போய் விழுந்தது" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது பொய்யில்லை. பழைய வேதங்களில் எழுதியிருப்பது நம்பிக்கைக்கு ஆதாரம் ஆகுமா ஆகாதா என்று எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விவாதம் நடந்தது. நான்தான் நடுவர். படித்தவர்கள் கூடுகிற இடங்களில் இப்படி விவாதம் முடிந்ததும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பார்களாம். எங்களுக்கு அடுப்பு விறகால் கொடுத்தார்கள்.

தேயிலை ஃபெக்டரியை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தலவாக்கலையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து வந்தால் தகரச் சுவரோடு நாலு மாடி உயரத்துக்கு நிற்கும். அங்கே ரோலர் ரூமில், இரண்டாம் ரோலரில், நானும் என் மச்சானும் ஜோடி. ரோலர் என்பது பெரிய வட்டமான பித்தளை மேசை. அதன்மேல் ஒரு தொட்டி. வாடவைத்த கொழுந்தைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டால் அது மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்து கொழுந்தைப் பிழிந்து முறுக்கும். தொட்டியைச் சுற்றவைக்க மூன்று பக்கமும் இரும்புக் கைகள் இருக்கும். அந்த இரும்புக் கைக்கும் மனிதக் கைக்கும் நடுவில் ஒரு காவல் தகடு. தகடு இல்லாவிட்டால் அந்த இரும்பு எதையும் வித்தியாசம் பார்க்காது. கொழுந்து, சாக்கு, இடுப்பில் கட்டின சாரம், விரல் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். முன்பெல்லாம் தோட்டத்துத் திருவிழாவில் கிடாய் வெட்டுவது அவர்தான். காலை அகட்டி நின்று, ஒரே வெட்டு. தலை விழுந்த பிறகுதான் கிடாய்க்கே விஷயம் தெரியும். குடித்துவிட்டால் கிடாய் எது மனுஷன் எது என்று அவருக்கு வித்தியாசம் தெரியாது. என் கல்யாணத்தன்று பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய், கழுத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, "என் தங்கச்சி கண்ணுல தண்ணி வந்துச்சு, ஒன் கண்ணுல ரத்தம் வரும்" என்று வாழ்த்தினார். மாலை போட்ட கழுத்தில் ஐந்து விரல் அடையாளத்தோடு நான் நிற்கிற கல்யாண ஃபோட்டோ இன்னும் லயத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவில் மாட்டியிருக்கிறது.

ஒருநாள் போதையில் மலைச்சரிவிலிருந்து கானுக்குள் விழுந்து முட்டி நொறுங்கிப் போனது. கான் என்றால் தேயிலை நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வெட்டின பள்ளம். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆளுக்காக ஜெபம் பண்ண வந்தவர்கள் இவருக்கும் சேர்த்து பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். போகும்போது அரிவாளும் சாராயமும். வரும்போது ஊன்றுகோலும் வேதப்புத்தகமும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, ஒரு கோழிகூட அறுக்கவில்லை. முட்டியால் மலை ஏற முடியாது என்பதால் ஸ்டோரில், சமதரையில், என் ஜோடியாகப் போட்டார்கள். புத்தகத்தை ரொட்டி வாங்கின ஒரு பாண் பையில் சுற்றி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

ரோலர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அதனால் எங்கள் வேத ஆராய்ச்சி முழுக்கக் கத்தலில்தான் நடந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மாமன் மச்சான் ரெண்டு பேரும் வெட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தோன்றும்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எழுதுனது மாப்புள! பொய்யா இருந்தா இம்புட்டு நாளு நிக்குமா?"

"நம்ம லயம் வெள்ளக்காரன் கட்டுனது மச்சான்! இன்னமும் நிக்குது! அதுக்காக ஒழுகலைன்னு சொல்லுவீங்களா?"

"கண்ணால பாத்தவங்க எழுதியிருக்காங்க!"

"ஆத்தோரத்துல மோகினியக் கண்ணால பாத்தவங்க நம்ம லயத்துலயே ஆறு பேரு இருக்காங்க! அவங்களையும் எழுதச் சொல்லவா?"

"எழுதுனதுக்காக அடி வாங்கியே செத்தாங்க மாப்புள! பொய்க்காக எவனாச்சும் அடி வாங்குவானா?"

மேசை ஓரத்துக் கொழுந்தை இரண்டு தடவை உள்ளே தள்ளிவிட்டேன். பிறகு, "ஏன், நான் வாங்கியிருக்கேனே, ஒங்க தங்கச்சிக்கிட்ட!" என்று கத்தினேன். மச்சான் சிரித்துவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன். இதுதான் என் வியாதி. பதில் இல்லாத இடத்தில் சிரிப்பை வைத்து அடைத்துவிடுவேன். கோயில்காரர்களிடமும் இதே வாய்தான். பூசாரி ஏதாவது சாமி கதை சொன்னால், "நீங்க அப்ப எங்க நின்னு பாத்தீங்க பூசாரி?" என்பேன். அவர் விபூதித் தட்டால் அடிக்க வருவார். ஆனால் இருட்டினால் முனி கோயில் பக்கம் நான் தனியாகப் போகமாட்டேன். கொள்கை வேறு, பயம் வேறு.

ரோதமுனி எங்கள் ஸ்டோர் சாமி. ரோதை என்றால் சக்கரம். சக்கரமும் பெல்ட்டும் ஓடுகிற இடமெல்லாம் அவர் காவல். எந்தப் பழைய ஏட்டிலும் அவர் பெயர் கிடையாது. இருக்கவும் முடியாது, மெஷின் வந்த பிறகுதானே அவரே வந்தார்! வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், முதலாம் ரோலருக்கு முன்னால் சேவல் அறுப்போம். பூசாரி ரத்தத்தைத் தட்டில் பிடிப்பார். ரோலர் ரூமில் வேலை செய்கிற ஒவ்வொருத்தரும் உள்ளங்கையை ரத்தத்தில் தோய்த்து, அந்த முதலாம் ரோலரின் இரும்புக் கையில் பதிக்க வேண்டும். எங்கள் கை இதோ, வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள், நிஜமாக எடுக்காதே என்று அதற்கு அர்த்தம். கடைசி ஆள் கை வைக்கும்வரை மெஷினைப் போடமாட்டார்கள். காவல் தகட்டின்மேல் கை வைத்தால் செல்லாது, இரும்பையே தொட வேண்டும். அதனால் பூசைக்கு முன் தகட்டைக் கழற்றி, பூசை முடிந்ததும் திரும்பப் பூட்டுவது வழக்கம். குனிந்து நுழைகிற அளவுக்கு மெலிந்த ஆள் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கு.

போன வருஷப் பூசையில் மச்சான் இல்லை. நுவரெலியாவில் சபைக் கூட்டம் என்று லீவு போட்டுவிட்டார். தகட்டைக் கழற்றினேன். ரத்தம் வைத்தார்கள். திரும்பப் பூட்டப் போனால் இரண்டு போல்ட்டும் உருண்டு மெஷின் அடியில் இருக்கிற வடிகாலுக்குள் போய்விட்டன. குனிந்து தேடியிருக்கலாம். ஆனால் பின்பக்கம் சேவல் கறி வெந்துகொண்டிருந்தது, வாசனை வேறு வந்துவிட்டது. வேலி கட்டுகிற பச்சைப் பூச்சுக் கம்பி கொஞ்சம் கிடந்தது. மூன்று முறுக்கு முறுக்கித் தகட்டைக் கட்டிவிட்டு ஓடினேன். எனக்குக் கால் துண்டு கிடைத்தது. அதில் எலும்புதான் நிறைய.

மறுநாள் வேலைக்கு வந்த மச்சான் பார்த்துவிட்டார். "மாப்புள, போல்ட்டு போடு. கம்பி நிக்காது."

"அதெல்லாம் ரோதமுனி பாத்துக்குவாரு மச்சான்."

அவர் மறுபடியும் இரண்டு தடவை சொன்னார். நானும் மறுபடியும் இரண்டு ஜோக் அடித்தேன்.

ஏழெட்டு மாதம் கம்பி தாங்கியது. ஒருநாள் காலை, கொழுந்து நிறைந்து வந்த நேரம், முதலாம் ரோலரில் இருந்தவன் மேசை ஓரத்தில் அப்பியிருந்த கொழுந்தைத் தள்ளிவிடக் கையை நீட்டினான். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்துபோன கம்பி அந்த நொடியில் அறுந்து, தகடு தள்ளிப் போனது. சத்தம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பச்சை மரக்கிளையை முறிப்பதுபோல ஒன்று. அப்புறம்தான் அவன் கத்தல். மச்சான் நொண்டிக்கொண்டே ஓடிப்போய் சுவிட்சை அடித்தார். தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுகிற ஆள், அவனுடைய சொந்த அண்ணன், ஒரு தாவலில் வந்து அவன் கையை இரும்புக்கு நடுவிலிருந்து இழுத்தெடுத்தான். நடுவிரலும் மோதிர விரலும் வரவில்லை. மேசைமேல் பச்சைக் கொழுந்துச் சாறோடு ரத்தம் கலந்து ஒரு மாதிரி பழுப்பு நிறத்தில் ஓடியது. அன்றைக்கு அந்தத் தொட்டிக் கொழுந்தைக் கொட்டிவிட்டார்கள்.

எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அறுந்த கம்பியை எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதல் தடவையாக எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. மறுநாள் ஃபிட்டர் வந்து புதுப் போல்ட் போட்டார். தகடு எப்படிக் கழன்றது என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காரணம் என் மச்சான்.

"வருசா வருசம் எல்லாரும் கை வச்சோம். இந்தாளு ஒருத்தரு வைக்கல. முனி எண்ணிப் பாத்துட்டாரு. ஒரு கை கொறையுதுன்னு எடுத்துக்கிட்டாரு." இப்படித்தான் பூசாரி சொன்னார். லயம் முழுக்க அதையே சொன்னது. விறகுக்காரன் மச்சான் வீட்டுக் கதவில் கத்தியால் ஒரு கோடு கீறிவிட்டுப் போனான். தண்ணீர்க் குழாயடியில் மச்சான் மனைவியின் குடத்தை யாரோ மிதித்து நசுக்கினார்கள். அடுத்த பூசை வந்துகொண்டிருந்தது. ரோலர் ரூம் ஆட்கள் ஒன்றுகூடித் தலைவரிடம், அதாவது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம், சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் அந்த ஆள் ரத்தத்தில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டோரை விட்டு மலைக்குப் போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் யாரும் மெஷினைப் போடமாட்டோம்.

மலைக்கு என்றால் கவ்வாத்து. சரிவில் நின்றுகொண்டு தேயிலைச் செடியை முட்டி உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிற வேலை. நொறுங்கின முட்டியோடு அவர் அந்தச் சரிவில் நின்றால் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் என் மனைவி துணி தோய்த்துவிட்டு வந்து, பச்சைக் கம்பித் துண்டை என் முன்னால் போட்டாள். பைக்குள்ளேயே விட்டிருந்தேன். மாதக்கணக்கில் அந்தக் காற்சட்டையை ஒளித்து வைத்த கெட்டிக்காரன், அதை எடுத்துப் போடத் தெரியாத மடையன்.

"இது என்னாங்க?"

"வேலி கட்ட."

"நமக்கு ஏதுங்க வேலி?"

நான் கூரையைப் பார்த்தேன். அவள் கம்பியின் அறுந்த முனையில் ஒட்டியிருந்த மெஷின் கிரீஸைத் தடவிப் பார்த்தாள். "எங்கண்ணன் வாய மூடிக்கிட்டு இருக்கிறது அவரு புஸ்தகத்தால. நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறது எதாலங்க?" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

தலைவர் சண்டை வேண்டாம், பேசித் தீர்ப்போம் என்றார். ரெண்டு பக்கமும் தங்கள் ஆதாரத்தைக் கொண்டுவரட்டும். யாருடைய வேதம் உண்மையென்று தெரிந்தால் அதன்படி நடப்போம். நடுவராக ஒரு பொது ஆள் வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோயில்காரர்கள், இவன் நம்ம ஆள் என்றார்கள். மச்சான், என் தங்கை புருஷன்தானே என்றார். யார் அடித்தாலும் திருப்பி அடிக்கமாட்டான் என்பதும் ஒரு தகுதியாக இருந்திருக்கும். குற்றம் செய்தவனையே நீதிபதியாக உட்காரவைத்த வழக்கு அதுவாகத்தான் இருக்கும்.

கொழுந்து மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. தராசு மேடைமேல் ஒரு சாக்கை விரித்து என்னை உட்காரவைத்தார்கள். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். சபை பாஸ்டர் புத்திசாலி, வரவில்லை. மச்சான் மட்டும் பாண் பையோடு ஒரு பக்கம் நின்றார். எதிர்ப்பக்கம் பூசாரி, சிவப்புப் பட்டில் சுற்றின ஒரு பொதியோடு. அவருக்குப் பின்னால் விறகுக்காரன். ஞாயிற்றுக்கிழமை விவாதத்துக்கு எதற்கு அடுப்பு விறகு கையில் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பூசாரி தொடங்கினார். "முனியோட வரலாறு எங்க பரம்பரையில ஏட்டுல இருக்கு. ஆயிரம் வருசத்துக்கு முந்தினது." பட்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். நீட்டியிருக்கக் கூடாது. அது ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்திருந்தது.

"பூசாரி, ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்ம ஆளுங்க பன்னெண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் படிச்சிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. பூசாரியின் காது சிவந்தது. "அது பாத்து எழுதுனதுடா! மூல ஏடு கரையான் அரிச்சுப் போச்சு!"

"அப்ப கரையானத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்."

மச்சான் தன் புத்தகத்தை உயர்த்தினார். இதில் சொல்லியிருக்கிற ஊர்களெல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன, மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றார். நடுவர் ஓரவஞ்சனை செய்யக் கூடாதல்லவா? "மச்சான், தலவாக்கலை இருக்கிறது நெசம். அதுக்காக தலவாக்கலையிலருந்து வர்றவன் சொல்றதெல்லாம் நெசமா?" என்றேன். மறுபடியும் சிரிப்பு. இந்த முறை கோயில்காரர்கள் பக்கத்திலிருந்து கைதட்டலும்.

எனக்கு நாக்கில் தேன் ஊறிவிட்டது. எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். பழசாக இருப்பது ஆதாரமில்லை, பழைய பொய்யும் பழசுதான். எழுதியிருப்பதும் ஆதாரமில்லை. ஒரு ஏடு என்ன காட்டும்? எழுதினவன் நம்பினான் என்று காட்டும். அவன் நம்பினது நடந்ததா என்று காட்டாது. அதற்குச் சாட்சி வேண்டும். பார்த்தவன் வேண்டும். பார்த்ததைச் சொல்லுவதால் நஷ்டம் வந்தாலும் சொல்லுகிறவன் வேண்டும். அறுந்த கம்பியை ஒளித்து வைத்தவன் இதையெல்லாம் எவ்வளவு நன்றாகச் சொன்னேன்!

விறகுக்காரன் முன்னால் வந்தான். "ஏடும் வேணாம் ஒரு மயிரும் வேணாம். என் தம்பி கையி இருக்குல்ல? அது ஆதாரமா இல்லையா, சொல்லு."

நான் மச்சானைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறக்கிறார் என்று நினைத்தேன். அவர் விறகுக்காரனைப் பார்த்து, "ஒன் தம்பிக்காக நான் தெனமும் ஜெபம் பண்றேன்பா" என்றார்.

அவ்வளவுதான். விறகு அவர் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் தராசு மேடை வரை கேட்டது. மச்சான் சரிந்தார். அடுத்த அடி முட்டியில், அந்த முட்டியிலேயே, பார்த்து அடித்தான். பின்னாலிருந்தவர்கள் ஓடிவந்து மிதித்தார்கள். குழாயடியில் என்னோடு நின்று பல் துலக்குகிறவர்கள், என் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்கள், செருப்புக் காலால் அவர் விலாவில் மிதித்தார்கள். ஒருத்தன் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தான். பூசாரியின் கொப்பியும் கீழே விழுந்து அதே காலடியில் நைந்தது. ஒரு காலத்தில் கிடாய்த் தலையை ஒரே வெட்டில் இறக்கின கைகள் இரண்டும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தன. திருப்பி ஒரு அடி அவர் அடிக்கவில்லை. பொய்க்காக எவனாவது அடி வாங்குவானா என்று கேட்டாரே, இதோ வாங்கிக்கொண்டிருந்தார். என் பொய்க்காக.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அடக்க முடியாது. என் மனைவி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தாள். யாரோ அவள் முடியைப் பிடித்துச் சுழற்றித் தள்ள, தூணில் நெற்றி மோதி ரத்தம் வழிய நின்று என்னைப் பார்த்தாள். அப்போதுதான் என் வாய் திறந்தது.

"முனி இல்லடா! நான்டா! தகட்டைக் கம்பியால கட்டுனது நான்தான்டா!"

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நிஜமாகவே சிரித்தார்கள். "டேய் கோமாளி, எறங்குடா கீழ." மிதித்துக்கொண்டே ஒருத்தன் சொன்னான்: "மச்சானக் காப்பாத்த என்னமா நடிக்கிறான் பாரு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னேன், அதற்கும் சிரிப்புத்தான் கிடைத்தது.

"பச்சைக் கம்பி!" என்று கத்தினேன். "வேலிக் கம்பி! மூணு முறுக்கு! போல்ட்டு வடிகாலுக்குள்ள கெடக்கு, போய்ப் பாருங்க!"

விறகுக்காரன் மட்டும் நின்றான். மெதுவாகத் திரும்பினான். பிறகுதான் எனக்குத் தெரிந்தது: ஆஸ்பத்திரியில் அவன் தம்பி கைச் சதைக்குள்ளிருந்து டாக்டர் ஒரு பச்சைத் துண்டைப் பிடுங்கி எடுத்தாராம். கொழுந்துத் தண்டாக்கும் என்று இவன் நினைத்திருக்கிறான். ஆனால் அது கொழுந்துபோல நசுங்கவில்லை.

"என்ன நெறம்னு சொன்ன?"

"பச்சை."

முதல் குத்தில் முன்பல் இரண்டும் போயின. விழுந்த பல்லைத் தேடிக் குனிந்தேன், அவ்வளவு அறிவு. விலாவில் விறகு விழுந்தது. மூச்சு நின்றது. மூன்றாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது, பின்னாலிருந்து ஒரு கை அந்த மணிக்கட்டைப் பிடித்தது. மச்சான். ஒரு தோள் தொங்கிக்கொண்டிருக்க, மற்றக் கையால் விறகைப் பிடுங்கிவிட்டார். காலை அகட்டி நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். மடுவத்தில் எல்லாருக்கும் தெரியும். திருவிழாவில் பார்த்த நிற்பு. விறகு அவர் தலைக்கு மேலே போனது. விறகுக்காரன் கழுத்து கீழே இருந்தது. கூட்டம் பின்வாங்கியது.

கீழே வைக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. விறகை என் பக்கத்தில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே விழுந்தார்.

மூன்று பேரை ஒரே முச்சக்கர வண்டியில் தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் மச்சான், ஒரு பக்கம் என் மனைவி, அவர்கள் மடியில் குறுக்காக நான்.

மறுநாள் தலைவர் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். என் வாய் இருந்த நிலைக்கு அது ஒன்றுதான் இறங்கும். "நல்லாத்தான் நடிச்ச. நீ நல்ல மனுசன்யா. ஆனா பூசைக்கு அவரு கை வைக்கத்தான் வேணும், ஆளுங்க கேக்க மாட்டேங்கிறாங்க."

"அண்ணே, நான் சொன்னது நெசம்ணே."

"சரி சரி, படு."

விறகுக்காரன் ஒருத்தன் நம்பினான். ஆனால் அவன் தன் தம்பி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேசவில்லையாம். நாற்பது வருஷம் வாயைத் திறந்தாலே பகிடி பண்ணினவன் சாட்சிக்குக் கூப்பிட்டால் எவன் நம்புவான்? பழைய நூல்களை எழுதினவர்கள் என்னைப்போல பகிடிக்காரர்களா இல்லையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்! கட்டிலில் கிடந்தபடி அதை மச்சானிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடியே, "ஆபீசுக்குப் போ மாப்புள" என்றார். "எனக்கு மலையேற முடியாது" என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது, விலாவில் கட்டோடு ஆபீசுக்குப் போனேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, தோட்டத்து மேனேஜர் தொரை, கிளாக்கர் மூன்று பேரும் இருந்தார்கள். கம்பித் துண்டை மேசைமேல் வைத்தேன். தொரை சிங்களத்தில், "மொகத மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், கறி வாசனை உட்பட. தொரை சிரிக்கவில்லை. கிளாக்கர் இரண்டு பக்கத்துக்குச் சிங்களத்தில் எழுதினார். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. கையெழுத்துப் போட்டேன். என்னை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்குப் போட்டார்கள். போலீஸ் வரை போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்த இரண்டு பக்கத்தை யாரோ ஃபோனில் படம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் தோட்டம் முழுக்க எல்லா ஃபோனிலும் அது இருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு முச்சக்கர வண்டிக்காரர் குழாயடியில் நின்று தமிழில் சொன்னார். என் வாயால் கத்தியபோது சிரித்தவர்கள் இப்போது தலையாட்டினார்கள். "எழுத்துல இருக்குய்யா. கையெழுத்துப் போட்டிருக்கான். அப்ப நெசம்தான்." கிளாக்கர் அவசரத்தில் பூசை செவ்வாய்க்கிழமை நடந்ததாக எழுதியிருந்தார். போல்ட் நாலு என்றும் எழுதியிருந்தார். அது வெள்ளிக்கிழமை, போல்ட் இரண்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பூசாரிகூட, தன் கையால் சேவல் அறுத்த பூசையை, இப்போது செவ்வாய்க்கிழமை என்றே சொல்கிறார்.

இந்த வருஷப் பூசையில் காவல் தகட்டைக் கழற்றவில்லை. தகட்டின்மேலேயே ரத்தம் வைத்தார்கள். மச்சான் கையைக் கழுத்தோடு துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வெளியே நின்றார். அவர் கை வைக்காமலே மெஷினைப் போட்டார்கள். எலும்பு கூடினதும் அவர் இரண்டாம் ரோலருக்கே திரும்பிப் போனார். ஜன்னல் திண்டில் இப்போது புத்தகம் டேப் ஒட்டிக் கிடக்கிறதாம். புது ஜோடியோடு அவர் கத்துவதில்லையாம்.

நான் கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் நிற்கப் பழகினேன். முதல் வாரத்தில் என் காலையே இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன்.

விரல் போனவன் மட்டும் வரவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் காம்பரா வாசலுக்கு வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடது கையில் ஃபோனை நீட்டினான். அதே படம்.

"கீழ இருக்கிறது ஒன் கையெழுத்தா?"

"ஆமாப்பா."

"இதுல எழுதியிருக்கிறது எல்லாம் நெசமா?"

செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டேன். "நெசம்."

ஃபோனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு வலது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தான், விரல் இல்லாத அந்தக் கையாலேயே. எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவனுக்குத்தான் வலித்தது. தோல் மூடியும் வலி விடாத இடம். கையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு என் வாசற்படியிலேயே குந்திவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். என் மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

நானும் அவன் பக்கத்தில் குந்தினேன். மற்றக் கன்னத்தை அவன் பக்கம் திருப்பவில்லை; அது மச்சான் புத்தகத்து வேலை. அவன் இடது கையைப் பிடித்து என் முகத்துக்கு நேரே வைத்தேன். "இதால அடி" என்றேன்.

அடித்தான்.